உதடு பிளவுடன் பிறந்தவர்களின் முகம் பருவ வயதில் எப்படி வளரும்? எதை எப்போது செய்ய வேண்டும்?

கைக்குழந்தையாக இருக்கும்போதே உதட்டைத் தைத்தாயிற்று. வாயின் மேற்கூரையான அண்ணத்தை மூடியாயிற்று. பேச்சுப் பயிற்சியும் ஓரளவு முடிந்தது. இனி கவலை இல்லை என்று இருக்கும் வீட்டில், பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகும்போது ஒரு புதுக் குழப்பம் வரும். கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் நடுவே முகம் உள்வாங்கியது போலத் தெரியும். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நிற்கும். மூக்கின் சாய்வு முன்பைவிடக் கூடியிருக்கும். "சின்ன வயதில் செய்த ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்திருக்குமோ" என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. முகம் வளர்கிறது, அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, அவ்வளவுதான். இந்த வயதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதுதான். இது தெரியாமல் அவசரப்பட்டு மூக்கைச் சரிசெய்துவிட்டு மறுபடி செய்ய வேண்டி வந்தவர்களும் உண்டு. "பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டு ஈறுப் பிளவில் எலும்பு வைப்பதற்கு உரிய வயதைத் தவறவிட்டவர்களும் உண்டு.

முதலில், எந்த வகைப் பிளவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். உதட்டில் மட்டும் பிளவா, ஈறு வரை போனதா, அண்ணம் முழுவதும் பிளந்திருந்ததா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று அதில் எழுதியிருக்கும். இதைப் பொறுத்துத்தான் பருவ வயதில் என்ன எதிர்பார்க்கலாம் என்பது மாறும்.

உதட்டில் மட்டும் பிளவு இருந்தவர்களுக்குத் தாடை வளர்ச்சி கிட்டத்தட்ட எல்லோரையும் போலவே இருக்கும். அவர்களுக்கு மிஞ்சுவது மூக்கின் வடிவமும் உதட்டுத் தழும்பும்தான். ஈறு வரை பிளவு போயிருந்தால், அந்த இடத்தில் பல் இல்லாமலோ கோணலாகவோ இருக்கும். உதடும் அண்ணமும் சேர்ந்து பிளந்திருந்தவர்களுக்கே மேல்தாடை பின்தங்குவது அதிகம். இரண்டு பக்கமும் பிளவு இருந்த குழந்தைக்குப் பிறந்தபோது மேல்தாடையின் நடுத்துண்டு முன்னால் துருத்திக்கொண்டு இருந்திருக்கும். வளர வளர அது பின்னால் வந்து, பருவ வயதில் முகத்தின் நடுப்பகுதியே தட்டையாகத் தெரியலாம்.

மேல்தாடை ஏன் பின்தங்குகிறது? பிளவு மட்டும் காரணம் இல்லை. சின்ன வயதில் அண்ணத்தையும் உதட்டையும் மூடியபோது உண்டான தழும்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தழும்புத் திசு சாதாரணத் திசுவைப் போல நீண்டு கொடுக்காது. 1980களில் மைக்கேல் மார்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும் இலங்கையில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். எந்த அறுவை சிகிச்சையும் செய்துகொள்ளாமலே பெரியவர்களாகிவிட்ட பிளவுள்ளவர்களின் முகத்தை அளந்து பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. அதற்காக, சின்ன வயதில் அண்ணத்தை மூடியிருக்கவே கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மூடாமல் விட்டிருந்தால் பேச்சு தெளிவாக வந்திருக்காது. பேச்சுக்காகச் செய்ததுதான் சரி. அதன் விளைவு தாடையில் தெரிந்தால், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

எது எப்போது வளர்கிறது என்று பாருங்கள்

முகம் மேலிருந்து கீழாக முதிர்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். மண்டையோடு சீக்கிரமே பெரும்பகுதி வளர்ந்துவிடும். அடுத்து மேல்தாடை. கடைசியில் முடிவது கீழ்த்தாடை. பெண்பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடும் காலம் ஏறக்குறைய 11, 12 வயது. ஆண்பிள்ளைகளுக்கு 13, 14. ஆளுக்கு ஆள் இதில் ஓரிரு வருடம் முன்பின் இருக்கும். பெண் வயதுக்கு வரும்போது அந்த உச்ச வேகம் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆனாலும் வளர்ச்சி முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. கீழ்த்தாடை பெண்களுக்கு 15, 16 வயது வரையிலும், ஆண்களுக்கு 18, சிலருக்கு 20 வரையிலும்கூட மெல்ல வளரும்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். மேல்தாடையைத் தழும்பு பிடித்து வைத்திருக்கிறது. கீழ்த்தாடைக்கு அப்படி ஒரு தடையும் இல்லை, அது தன் போக்கில் வளர்கிறது. எட்டு வயதில் ஒரு மில்லிமீட்டராகத் தெரிந்த இடைவெளி பதினைந்தில் ஏழெட்டாக ஆவது இப்படித்தான். கீழ்த்தாடை பெரிதாகிவிட்டது என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் கீழ்த்தாடை சரியான அளவில்தான் இருக்கும், மேல்தாடைதான் பின்னால் நிற்கும். எந்தத் தாடையை நகர்த்துவது என்று பின்னால் முடிவெடுக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

வருடத்துக்கு ஒரு முறை பதிவு செய்து வையுங்கள்

பிறந்தநாளை ஒட்டி ஒரு தேதி வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், முகத்தை நேராக, இரு பக்கவாட்டிலும், பிறகு தலையை அண்ணாந்து மூக்குத் துவாரங்கள் தெரியும்படி படம் எடுங்கள். பற்களைக் கடித்தபடி ஒன்று, சிரித்தபடி ஒன்று. உயரத்தையும் அளந்து எழுதுங்கள். வளர்ச்சி முடிந்துவிட்டதா என்று மருத்துவர் யோசிக்கும்போது, உயரம் எப்போது நின்றது என்ற குறிப்பு நன்றாகவே உதவும். ஒரு நிமிடப் பேச்சையும் பதிவு செய்து வைப்பது நல்லது.

எல்லா அறுவை சிகிச்சைச் சீட்டுகள், எக்ஸ்-ரேக்கள், பல் அச்சுகள் ஆகியவற்றின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒரே பிள்ளையை இருபது வருடம் ஒரே மருத்துவர் பார்ப்பது அரிது.

வளர்ச்சி வேகம் எடுக்கும் முன் முடிக்க வேண்டியவை

ஈறில் பிளவு இருந்தால், அங்கே எலும்பு வைக்கும் சிகிச்சைதான் இந்தக் கட்டத்தில் முதன்மையானது. இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறுப் பிளவில் நிரப்புவார்கள். வழக்கமான வயது 8 முதல் 11. வயதைவிட முக்கியம் கோரைப்பல் எந்த நிலையில் இருக்கிறது என்பது. அதன் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உருவாகி, பல் இன்னும் வெளியே வராமல் இருக்கும்போது செய்தால், அந்தப் பல் புது எலும்பின் வழியே இறங்கி வரும், எலும்பையும் நிலைக்க வைக்கும். பல் வந்தபின் செய்தால் பலன் குறையும். எட்டு வயது ஆனவுடன் எக்ஸ்-ரே எடுத்து "கோரைப்பல் எந்த நிலையில் இருக்கிறது?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

மேல்தாடை கொஞ்சமாகப் பின்தங்கியிருந்தால், நெற்றியிலும் தாடையிலும் பொருந்தும் ஒரு முகக்கவசச் சட்டத்தை ரப்பர் வளையங்களோடு மாட்டி, மேல்தாடையை முன்னோக்கி இழுக்கும் சிகிச்சையும் உண்டு. பத்து வயதுக்கு முன் தொடங்கினால் நல்லது. தினமும் பல மணி நேரம் மாட்ட வேண்டும் என்பதால் பிள்ளையின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, 11, 12 வயதுக்கு மேல், எலும்பில் சிறு தகடுகளைப் பொருத்தி ரப்பரால் இழுக்கும் முறை சில இடங்களில் செய்யப்படுகிறது. இரண்டுமே இடைவெளியைக் குறைக்கலாம். பின்னால் தாடை அறுவை தேவைப்படாது என்று உறுதி தர முடியாது. இதைத் தொடங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் மாட்டிவிட்டு, பிறகும் ஆபரேஷன் என்றால் அது பிள்ளைக்குப் பெரிய ஏமாற்றம்.

பதினொன்று முதல் பதினாறு வரை

இந்த வருடங்களில் அதிகம் கவனிக்க வேண்டியது பற்கள். தாடை இடைவெளி சிறியது என்றால் பல் கிளிப் போட்டே மேற்பற்களை முன்னால் சாய்த்து, கீழ்ப்பற்களைப் பின்னால் சாய்த்துக் கடியை, அதாவது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று பொருந்துவதை, சரிசெய்துவிடலாம். ஆனால் கீழ்த்தாடை இன்னும் வளரவிருக்கும் பிள்ளைக்கு அப்படிச் செய்தால், பதினேழு வயதில் கடி மறுபடி மாறிவிடும். அப்போது சாய்த்த பற்களையெல்லாம் திரும்ப நிமிர்த்தி, பிறகு அறுவைக்குப் போக வேண்டும். அதனால் கிளிப் போடும் முன் ஒரு கேள்வி: "இது கடைசி சிகிச்சையா, அல்லது அறுவை வரும் என்று வைத்துக்கொண்டு செய்கிறீர்களா?" இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் இன்னொரு பல் சீரமைப்பு மருத்துவரிடமும் கேளுங்கள். பல் தேய்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளவை ஒட்டியுள்ள பற்கள் நெருக்கமாகவும் திரும்பியும் இருப்பதால் எளிதில் சொத்தையாகும். அந்த ஒரு பல்லை இழந்தால் எலும்பும் சேர்ந்து போகும்.

அப்புறம் பேச்சு. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு திசு பருவ வயதில் சுருங்கும். அதுவரை அண்ணம் அந்தத் திசுவில் முட்டிக் காற்றை அடைத்துக்கொண்டிருந்திருக்கும். அது சுருங்கியதும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மூக்கில் பேசும் ஒலி புதிதாகத் தோன்றலாம். கவனம் இல்லாமல் பேசுகிறான் என்று திட்டாதீர்கள், பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போங்கள். காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அண்ணப் பிளவு இருந்தவர்களுக்கு நடுக்காதில் நீர் கோப்பது அதிகம், கேட்கும் திறன் குறைந்தால் படிப்பும் பாதிக்கும்.

பிள்ளை தூங்கும்போது சத்தமாகக் குறட்டை விட்டாலோ, மூச்சு நடுவில் நின்று நின்று வந்தாலோ, பகலில் சோர்ந்து கிடந்தாலோ அதைத் தள்ளிப்போட வேண்டாம். மேல்தாடை சிறிதாக இருப்பதாலும், மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பதாலும், பேச்சுக்காகத் தொண்டையில் முன்பு செய்த அறுவையாலும் மூச்சுப்பாதை குறுகலாம்.

ஆண்பிள்ளைகளுக்கு மீசை அரும்பும்போது ஒன்று நடக்கும், இதைப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தழும்பின் மேல் முடி முளைக்காது, அதன் இரு பக்கமும் முடி வேறு வேறு திசையில் திரும்பும். சிலருக்கு மீசை தழும்பை நன்றாக மறைத்துவிடும். சிலருக்கு இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும். வளர்ப்பதா, மழிப்பதா என்பது அவனுடைய விருப்பம். முடி வேர்களை அங்கே நடுவதும், தழும்பைத் திருத்தும்போது முடி உள்ள தோலை நெருக்கி வைப்பதும் பின்னால் செய்யக்கூடியவை.

வளர்ச்சி நின்றதா என்று உறுதி செய்யுங்கள்

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பக்கவாட்டுத் தலை எக்ஸ்-ரேயை ஆறு மாதம் முதல் ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். தாடையில் மாற்றம் இல்லை என்றால் வளர்ச்சி அடங்கிவிட்டது என்று கொள்ளலாம். கழுத்தெலும்பின் வடிவமும் மணிக்கட்டு எக்ஸ்-ரேயும் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். பெண்களுக்குப் பதினாறை ஒட்டியும், ஆண்களுக்குப் பதினெட்டை ஒட்டியும் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். கல்லூரிச் சேர்க்கைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று குடும்பத்தில் அவசரப்படுத்துவது இயல்புதான். ஆனாலும் கீழ்த்தாடை வளர்ந்துகொண்டிருக்கும்போது செய்த அறுவை, மீண்டும் ஓர் அறுவையில் போய் முடியலாம்.

தாடை அறுவை

எல்லோருக்கும் இது தேவைப்படாது. உதடும் அண்ணமும் ஒரு பக்கம் பிளந்திருந்தவர்களில் நான்கில் ஒருவர் என்ற கணக்கு அடிக்கடி சொல்லப்படும். உண்மையில் இது மருத்துவமனைக்கு மருத்துவமனை நிறையவே மாறும்.

மேல்தாடையை மூக்குக்குக் கீழே கிடைமட்டமாக வெட்டி, முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடுகளால் பொருத்துவார்கள். இதற்கு லீ ஃபோர்ட் ஒன்று என்று பெயர். முக எலும்பு முறியும் கோடுகளை 1901இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லீ ஃபோர்ட்டின் பெயர் அது. வெட்டு முழுக்க வாய்க்கு உள்ளேயே இருக்கும் என்பதால் முகத்தில் புதுத் தழும்பு வராது. இடைவெளி மிக அதிகமாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தால், ஒரே நாளில் நகர்த்தாமல், ஒரு கருவியைப் பொருத்தித் தினமும் ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல முன்னால் கொண்டுவரும் முறையை யோசிப்பார்கள். பழைய தழும்பு பின்னால் இழுக்கும், அதனால் பிளவு உள்ளவர்களுக்குத் தாடை கொஞ்சம் திரும்பிப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மெல்ல நகர்த்தினால் தசையும் தோலும் சேர்ந்து நீள நேரம் கிடைக்கும். சிலருக்குக் கீழ்த்தாடையையும் அதே நேரத்தில் சற்றுப் பின்னால் வைப்பார்கள்.

அறுவைக்கு முன் ஒரு வருடமோ அதற்கு மேலோ கிளிப் போட்டிருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடி முன்பைவிட மோசமாகத் தெரியும். இயற்கையாகச் சாய்ந்திருந்த பற்களை நிமிர்த்துவதால் தாடையின் உண்மையான இடைவெளி வெளியே வருகிறது. இது தெரியாமல் "சிகிச்சைக்குப் போய் இன்னும் கெட்டுவிட்டது" என்று பாதியில் கிளிப்பைக் கழற்றிவிடும் பிள்ளைகள் உண்டு.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

- மேல்தாடை முன்னால் வரும்போது அண்ணமும் கூடவே வரும். மூக்கில் பேசும் ஒலி கூடுமா? இதற்கு முன்கூட்டியே பேச்சுச் சோதனையும், மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு அண்ணம் அசைவதைப் பார்ப்பதும் அவசியம்.
- பேச்சுக்காகத் தொண்டையில் முன்பு அறுவை செய்திருந்தால், அதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லியாயிற்றா? தாடை அறுவையில் சுவாசக் குழாயை மூக்கு வழியாகத்தான் விடுவார்கள்.
- ஈறுப் பிளவில் எலும்பு முழுமையாக இருக்கிறதா, அண்ணத்தில் ஓட்டை ஏதும் மீதி இருக்கிறதா?
- பிளவு உள்ளவர்களுக்கு இந்த அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். தழும்புள்ள மேல்தாடைக்கு ரத்த ஓட்டம் குறைவு, அனுபவம் இங்கே நிறையப் பொருட்படும். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், காரணம் அதே ரத்த ஓட்டம்தான்.

அறுவைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிடாதபடி இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும். சில வாரங்களில் பெரும்பகுதி வடியும், மீதி வடியப் பல மாதம் ஆகலாம். முதலில் நீராகாரம், பிறகு ஆறு வாரம் வரை மெல்லத் தேவையில்லாத மென்மையான உணவு. மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சீறக் கூடாது. மேலுதட்டிலும் கன்னத்திலும் மரத்துப்போன உணர்வு இருக்கும், பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லத் திரும்பும். பேச்சு மாறியிருந்தால் உடனே முடிவு கட்டாமல் சில மாதம் கழித்து மறுபடி சோதிப்பார்கள். தேவைப்பட்டால் அதற்கும் அறுவை உண்டு.

மூக்கு, பிறகு உதடு, பல்

பருவ வயதுப் பிள்ளைகள் முதலில் கேட்பது மூக்கைத்தான். அது நியாயமும்கூட, முகத்தின் நடுவில் இருப்பது அதுதானே. ஆனால் மூக்கு உட்கார்ந்திருப்பது மேல்தாடையின் மேல். தாடையை நகர்த்தினால் மூக்கின் நுனி மேலே தூக்கும், அடி அகலும். அதனால் தாடை அறுவை தேவை என்றால் அது முதலில், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மூக்கு. தாடை அறுவை தேவைப்படாதவர்களுக்கு மூக்கு வளர்ந்து முடிந்ததும் செய்யலாம். பிளவுப் பக்கக் குருத்தெலும்பு தட்டையாக இருக்கும், நடுச்சுவர் வளைந்திருக்கும். நடுச்சுவர், காது அல்லது விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்து நிமிர்த்துவார்கள். மூச்சு அடைப்பும் அப்போதே சரியாகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூக்கின் கோணலால் பள்ளிக்கே போக மறுக்கும் அளவுக்குப் பிள்ளை வாடினால், பின்னால் இன்னொன்று வேண்டியிருக்கும் என்று தெரிந்தே ஒரு சிறு திருத்தத்தை முன்கூட்டிச் செய்வதில் தவறில்லை என்பதே என் கருத்து.

உதட்டைத் திருத்துவது எளிது, எந்த வயதிலும் முடியும். இரண்டு பக்கமும் பிளவு இருந்து மேலுதடு மிகவும் இறுகியிருந்தால், கீழுதட்டிலிருந்து ஒரு துண்டை மேலே திருப்பித் தைக்கும் முறை இருக்கிறது. அதற்கு இரண்டு உதடும் இரண்டு மூன்று வாரம் ஒட்டியபடி இருக்கும்.

பல் இல்லாத இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர், வைக்க வளர்ச்சி முடிய வேண்டும். இம்ப்ளான்ட் எலும்போடு இறுகிவிடும், பக்கத்துப் பற்களைப் போல நகராது. மரம் பருக்கப் பருக்க அதில் அடித்த ஆணி உள்ளே புதைவது போல, சுற்றியுள்ள பற்களும் எலும்பும் இறங்க இறங்க அது உள்ளே போய்விடும். அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ ஒட்டுப் பல்லோ போதும். கோரைப்பல்லையே அந்த இடத்துக்கு நகர்த்தி வடிவம் மாற்றுவதும் நல்ல வழி.

யாருடைய முடிவு?

பதின்ம வயதில் பிள்ளையிடம் தனியாகப் பேச மருத்துவரைக் கேளுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை" என்று சொல்லும் பிள்ளை, வெளியே அனுப்பியதும் வேறு சொல்லும். சில நேரம் அதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: வீடு முழுக்க ஆபரேஷன் வேண்டும் என்று நிற்க, பிள்ளைக்குத் தன் முகம் பிடித்திருக்கும். கடிக்க முடிகிறது, மூச்சு வருகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால், வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. இருபத்தைந்தில் மனம் மாறினாலும் தாடை அறுவை அப்போதும் செய்யலாம். கல்யாணத்தைக் காட்டி அவசரப்படுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இருபதுக்குப் பிறகு

கிளிப் கழற்றியதும், பற்கள் நகராமல் பிடித்து வைக்கத் தரும் ரிடெய்னர் என்ற கருவியை விடாமல் மாட்ட வேண்டும். தழும்பு இழுப்பதால் மேற்பல் வரிசை மறுபடி குறுகப் பார்க்கும், அதனால் இரவில் மாட்டுவதை ஆயுள் முழுக்கப் பழக்கமாக்கிக்கொள்வதே பாதுகாப்பு. அறுவை முடிந்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடம் கடியைக் காட்டி வர வேண்டும்.

குழந்தை பெறுவதைப் பற்றி யோசிக்கும் வயதில், அதற்கு முன்பே ஒருமுறை மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. வேறு கோளாறு எதுவும் சேராமல் உதடு பிளவு மட்டும் உள்ள ஒருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கும் பிளவு வரும் வாய்ப்பு பொதுவாக நூறில் மூன்று முதல் ஐந்து. ஆனால் கீழுதட்டில் சிறு குழிகள் இருந்தால் அது வேன் டர் வுட் என்ற பரம்பரை நிலையாக இருக்கலாம், அப்போது வாய்ப்பு பாதிக்குப் பாதி வரை போகும். கண்ணாடியில் கீழுதட்டை ஒருமுறை பாருங்கள். குழிகள் இருந்தால் ஆலோசகரிடம் அதை முதலிலேயே காட்டுங்கள்.